பீமில் கார்பன் ஷீட் ஒட்டும் வேலை: சைட்டில் கற்றுக்கொண்டவை

பழைய கட்டடத்தில் பீம் விரிசல் விட்டிருந்தாலோ, மேலே பாரம் கூட்ட வேண்டியிருந்தாலோ இப்போதெல்லாம் எல்லோருக்கும் முதலில் வருகிற யோசனை "கார்பன் ஷீட் ஒட்டிடலாம்" என்பதுதான். முன்பெல்லாம் இதே இடத்தில் ஜாக்கெட்டிங், அதாவது பீமைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுக் கனமாக்குவது, என்பார்கள், இல்லையென்றால் பீமுக்கு அடியில் இரும்பு ஐ-செக்ஷனைக் கொடுத்துத் தாங்க வைப்பார்கள். கட்டடப் பழுது, பலப்படுத்தும் வேலைகளிலேயே இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எஃப்.ஆர்.பி. எனப்படும் இந்த நார் ஷீட் முறை அருமையான முறை. சரியான பீமில், சரியான ஆட்களை வைத்துச் செய்தால் நம்பி விடலாம். ஆனால் நிறைய இடங்களில் அந்தக் கருப்புத் துணிக்கே ஏதோ சக்தி இருப்பதுபோல நினைத்து, அதற்கு அடியில் இருக்கிற கான்கிரீட்டைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. வேலை தோற்பதெல்லாம் அங்கேதான்.

கார்பன் நாரின் இழுவை வலிமை 3500 மெகா பாஸ்கலுக்கு மேல். நாம் போடுகிற எஃப்.இ. 500 கம்பி 500-ல் இளக ஆரம்பித்துவிடும். எடையோ இரும்பில் கால் பங்குகூட வராது. இந்த எண்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அந்த ஷீட் தன் பலத்தைப் பீமுக்குக் கொடுக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, நடுவில் இருக்கிற எபாக்ஸி பசை வழியாகப் பீமின் அடிப்பக்கக் கவர் கான்கிரீட்டை (கம்பியை மூடியிருக்கும் மேல்தோலை) பிடித்து இழுக்க வேண்டும். எபாக்ஸி பொதுவாக விடாது, ஷீட் அறுவதும் அபூர்வம், விட்டுக்கொடுப்பது கான்கிரீட்தான். பழைய சுண்ணாம்புச் சுவரில் ஒட்டிய போஸ்டரைக் கிழித்தால் பசை விடாமல் சுண்ணாம்புப் பொருக்கோடு பெயர்ந்து வரும் இல்லையா, அதேதான் இங்கேயும் நடக்கும். ஷீட்டோடு ஒரு மெல்லிய கான்கிரீட் படலமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், அதுவும் முன்னறிவிப்பே இல்லாமல் சட்டென்று.

இந்த முறையின் ஆரம்பக் கதையை நான் புதிதாகச் சேரும் பையன்களுக்கு எப்போதும் சொல்வேன். 1960-களில் பிரான்ஸில் பீமுக்கு அடியில் இரும்புத் தகட்டை எபாக்ஸி போட்டு ஒட்டிப் பார்த்தார்கள், அது பரவவும் செய்தது, ஆனால் தகடு கனம், துருப் பிடிக்கும், தூக்கிப் பிடிக்கச் சாரம் வேண்டும். அதற்கு மாற்றாகக் கார்பன் பட்டைகளை ஒட்டலாம் என்று 1980-களில் ஸ்விட்சர்லாந்தின் எம்பா ஆய்வுக்கூடத்தில் ஊர்ஸ் மையர் குழுவினர் சோதித்தார்கள். 1991-ல் லூசர்ன் அருகே இபாக் பாலத்தில் அதை முதன்முதலாக நிஜப் பாலத்தில் செய்தார்கள். அங்கே டிராபிக் சிக்னல் பொருத்தத் துளை போட்டபோது பாலத்துக்குள் இருந்த பிரிஸ்டிரெஸ் கேபிள் (கான்கிரீட்டை இறுக்கிப் பிடிக்க இழுத்து வைத்த எஃகு வடம்) சேதமாகிவிட்டது. 175 கிலோ இரும்புத் தகடு தேவைப்பட்டிருக்கும் இடத்தில் 6.2 கிலோ கார்பன் பட்டையை வைத்து முடித்தார்கள். இந்தக் கதையை நான் சொல்வது எடைக் கணக்குக்காக மட்டும் இல்லை. அந்தப் பாலத்தின் கான்கிரீட் நல்ல கான்கிரீட், போனது ஒரு கேபிளின் பலம் மட்டும்தான். நல்ல கான்கிரீட், கம்பி மட்டும் பற்றவில்லை என்கிற இடம்தான் இந்த முறைக்கு ஏற்ற இடம்.

நம் ஊரில் நிலைமை பல நேரம் தலைகீழ். கான்கிரீட்டுக்கான இந்திய விதியான ஐ.எஸ். 456, 2000-ம் ஆண்டில் மாறிய பிறகுதான் ஆர்.சி.சி. வேலைக்குக் குறைந்தபட்சம் எம்20 (கியூப் சோதனையில் 20 மெகா பாஸ்கல் தாங்கும் கான்கிரீட்) என்று வந்தது. அதற்கு முன்னால் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் 1:2:4 கலவை, அதாவது எம்15 கணக்கு. அதுவும் கையால் கலந்து, கண் அளவில் தண்ணீர் ஊற்றியது. எஃப்.ஆர்.பி. வேலைக்கு உலகம் முழுக்கப் பார்க்கிற அமெரிக்க வழிகாட்டியான ஏ.சி.ஐ. 440.2ஆர், ஒட்டுப்பிடிப்பை நம்பியிருக்கிற வேலைகளுக்குக் கான்கிரீட் குறைந்தது 17 மெகா பாஸ்கல் இருக்க வேண்டும் என்கிறது. அது சிலிண்டர் கணக்கு, அதாவது உருளை வடிவத் துண்டை நசுக்கிப் பார்ப்பது; நாம் கியூப், அதாவது கனசதுரத் துண்டை நசுக்கிப் பார்க்கிறோம். நம்முடைய கியூப் கணக்கிலிருந்து அதற்கு மாற்றினால் எம்20-யே 16-க்குப் பக்கத்தில்தான் வரும், எம்15 என்றால் 12. அதனால் கோர் (துளையிட்டு எடுக்கும் கான்கிரீட் உருளை) எடுத்துச் சோதிக்காமல் இந்த வேலைக்குக் கொட்டேஷன் கொடுப்பவரை நான் நம்புவதில்லை. மேற்பரப்பில் தட்டிப் பார்க்கும் ஹேமர் டெஸ்ட் மட்டும் போதாது, பழைய கான்கிரீட்டில் மேல்தோல் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு, அதாவது கார்பனேஷன் ஆகி, இறுகியிருக்கும், ஹேமர் நல்ல எண்ணைக் காட்டும், உள்ளே கதை வேறாக இருக்கும்.

திருப்பூரில் செய்த ஒரு வேலையை வைத்தே மீதியைச் சொல்கிறேன், இதில் வர வேண்டிய எல்லாப் பிரச்சினையும் அங்கே வந்தது. தரைத்தளமும் மேலே ஒரு தளமும் உள்ள கட்டடம், வீட்டுக்காகக் கட்டியது. முதலாளி பனியன் கம்பெனி நடத்துகிறார், மேல்தளத்தைத் துணி கோடவுனாக மாற்ற வேண்டும் என்றார். பீம்களில் நடுவில் மெல்லிய செங்குத்து விரிசல்கள், பயப்படும் அளவுக்கு இல்லை. யாரோ கார்பன் ஷீட் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். "ஏனுங்க சார், அந்தக் கருப்புத் துணிய ரெண்டு சுத்து ஒட்டிவுட்டுட்டா ரோலெல்லாம் மேல அடுக்கிக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

முடியாது என்பதை அவருக்கு எண்களாகவே காட்டினேன். கட்டடப் பாரங்களுக்கான இந்திய விதியான ஐ.எஸ். 875 வீட்டுக்குச் சொல்லும் பாரம் சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ. சாமான் அடுக்கும் கோடவுனுக்கோ அடுக்கும் உயரத்தில் ஒவ்வொரு மீட்டருக்கும் 2.4, எப்படிப் பார்த்தாலும் 7.5-க்குக் குறையக் கூடாது. அங்கே ஒரு பீம் 3 மீட்டர் அகலத் தளத்தைத் தாங்கியது. சிலாப், தளப்பூச்சு, பீமின் சொந்த எடை எல்லாம் சேர்ந்து மீட்டருக்குச் சுமார் 17 கிலோ நியூட்டன், வீட்டுப் பாரம் 6. ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் 34.5, பீம் அதற்குத்தான் போட்டிருந்தது. இப்போது ஏ.சி.ஐ. வழிகாட்டி ஒரு முக்கியமான எல்லை போடுகிறது. தீ விபத்திலோ, யாராவது சேதப்படுத்தியோ ஷீட் மொத்தமாகப் போய்விட்டாலும் பழைய பீம் தனியாக நிலைச்சுமையில் (கட்டடத்தின் சொந்த எடையில்) 1.1 மடங்கும் மேலே ஏற்றப்போகும் புதிய பாரத்தில் 0.75 மடங்கும் தாங்க வேண்டும். கோடவுன் மாதிரிப் பாரம் எப்போதுமே மேலே கிடக்கும் இடமென்றால் 0.75 இல்லை, முழுப் பாரத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். 7.5-க்குக் கணக்குப் போட்டால் 18.7-ம் 22.5-ம் சேர்ந்து 41 தாண்டுகிறது. பீமிடம் இருப்பது 34.5. அப்புறம் எத்தனை சுற்று ஒட்டினாலும் அது சரியான வேலை ஆகாது.

இந்த எல்லையைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. எனக்கு இந்த முழு விஷயத்திலும் மிக முக்கியமான வரி இதுதான், ஏனென்றால் எபாக்ஸி சூட்டுக்கு ஆகாது. சைட்டில் ஒட்டி, சாதாரண வெப்பத்தில் இறுகுகிற எபாக்ஸிகள் சுமார் 60-லிருந்து 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். தீப்பிடித்தால் சில நிமிடங்களிலேயே ஷீட் வேலை செய்வதை நிறுத்திவிடும். பருத்தித் துணி அடுக்கி வைக்கிற கட்டடத்தில் இதைப் பற்றிப் பேசாமல் இருப்பது உயிரோடு விளையாடுவது.

கடைசியில் ரோல்களைத் தரைத்தளத்தில் வைத்துக்கொண்டு, தையல் மெஷின்களை மேலே கொண்டுபோவது என்று முடிவானது. இலகுவான இயந்திரங்கள் உள்ள வேலைக்கூடத்துக்குப் பாரம் 5. இப்போது தேவை 48, இருப்பு 34.5, அதாவது ஏறக்குறைய 40 சதவீதம் கூட்ட வேண்டும். ஷீட் இல்லாத நிலைக்கான எல்லைக் கணக்கு 30 அளவில் நின்றது, பீம் தாங்கும். கோர் முடிவுகளும் சிலிண்டர் கணக்கில் 20-ஐ ஒட்டி வந்தன. அப்போதுதான் எஃப்.ஆர்.பி. செய்யலாம் என்று ஒப்புக்கொண்டேன்.

சாம்பிள் துணியைக் கையில் கொடுத்ததும் முதலாளி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "எத்தன ஜி.எஸ்.எம்.முங்க?" என்றார். பனியன் துணியில் பழகியவருக்கு அந்தக் கேள்வி இயல்பாக வந்தது, அது சரியான கேள்வியும்கூட. அது 300 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 300 கிராம், நாரின் தடிமன் மட்டும் எடுத்தால் 0.166 மி.மீ. "அப்ப ரெட்டைக் கனத்துல போட்டா ரெட்டைப் பலமுங்களா?" என்று அடுத்து கேட்டார். இல்லை, இதுதான் பலரும் தவறவிடும் இடம். கான்கிரீட்டிலிருந்து ஷீட் பெயர்ந்து வரும் நீட்சி அளவை ஏ.சி.ஐ. ஒரு வர்க்கமூலச் சூத்திரத்தில் தருகிறது, ஷீட் கனமாகக் கனமாக அது குறைந்துகொண்டே போகும். அந்தக் கான்கிரீட்டில் 200 மி.மீ. அகலத்துக்கு ஒரு அடுக்கு ஒட்டினால் பெயர்ந்து வருவதற்கு முன் சுமார் 71 கிலோ நியூட்டன் இழுக்கும். இரண்டு அடுக்கு 142 தரும் என்று நினைப்போம், தருவது 101. மூன்று அடுக்குக்கு மொத்தம் 124. காசு மூன்று மடங்கு, பலம் ஒன்றேமுக்கால் மடங்கு. முதல் அடுக்கிலேயே கூட நாரின் முழு வலிமையில் பாதியைத் தாண்டிக் கொஞ்சம்தான் பயன்படுகிறது, மீதியைப் பயன்படுத்தக் கான்கிரீட் விடாது.

அதனால் அடுக்கைக் கூட்டுவதைவிட அகலத்தைக் கூட்டுவது நல்லது, முனைகளில் யு வடிவப் பட்டை போட்டுப் பிடித்து வைப்பது அதைவிட நல்லது. ஷீட் முடிகிற இடத்தில்தான் கவர் கான்கிரீட் கம்பி மட்டத்திலிருந்து பிரிந்து தொங்கும் ஆபத்து அதிகம். முனையில் யு பட்டை இல்லாமல் வருகிற டிராயிங்கைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வளைவுக்குப் பலம் கூட்டும்போது ஷியரையும், அதாவது பீமைக் குறுக்காக வெட்டப் பார்க்கும் விசையையும், பார்த்தே ஆக வேண்டும். நடுவில் பலமாக்கிவிட்டுப் பில்லர் பக்கத்தில் ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பி) பற்றாமல் விட்டால், பீம் மெதுவாகத் தொய்ந்து எச்சரிக்கை கொடுக்காமல் சாய்வு விரிசலில் ஒரேயடியாகப் போகும். மேலே சிலாப் இருப்பதால் பீமை முழுதாகச் சுற்ற முடியாது, மூன்று பக்கம் மட்டும் யு போடுவோம், அதற்கான கணக்கு இன்னும் இறுக்கமானது. முழுதாகச் சுற்றினால்கூட ஷியருக்கு 0.004 நீட்சிக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்னொன்று, தொடர் பீம்களில் பில்லர் மேல் இழுவை பீமின் மேல்பக்கத்தில் வரும். அடியில் மட்டும் ஒட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று கிளம்பக் கூடாது. அங்கே தளப்பூச்சை உடைத்து, பில்லரின் இரண்டு பக்கமும் சிலாப் மேல் ஷீட் போட வேண்டியிருக்கும். இது யாருக்கும் பிடிக்காத வேலை, டைல்ஸ் போகும், ஆனால் கணக்கு கேட்டால் செய்துதான் ஆக வேண்டும்.

துரு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை கடற்கரைப் பக்கம் ஒரு பழைய குடியிருப்பைப் பார்க்கப் போயிருந்தேன், பார்க்கிங் பீம்களில் ஏற்கெனவே யாரோ கார்பன் ஷீட் ஒட்டிப் பெயின்ட் அடித்து அழகாக வைத்திருந்தார்கள். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் பாதி நீளத்துக்கு டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம். ஒரு இடத்தில் அறுத்துப் பார்த்தோம். உள்ளே கம்பி துரு ஊதி, கவர் கான்கிரீட் துண்டு துண்டாகப் பிரிந்து, அந்தத் துண்டுகளைத்தான் ஷீட் பை போலத் தாங்கிக்கொண்டிருந்தது. துரு, இரும்பு இருந்த இடத்தைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும், அந்த அழுத்தத்தை எந்த ஷீட்டும் நிறுத்தாது. உப்பு உள்ளே இருந்தால் கார்பன் ஒட்டி மூடிவிடுவதால் துரு நிற்காது, வெளியே தெரியாமல் போவது மட்டும்தான் நடக்கும். அங்கே மேல் வீட்டுப் பாத்ரூம் கசிவும் நிற்காமல் இருந்தது. அந்த வீட்டுக்காரர்கள் பலமாகிவிட்டது என்று நம்பி நிம்மதியாக இருந்திருக்கிறார்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

துரு உள்ள பீமுக்கு வரிசை எப்போதும் ஒன்றுதான். முதலில் கசிவை நிறுத்து. ஜாக்கி வைத்து முட்டுக் கொடு. இற்றுப்போன கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னாலும் விரல் போகிற இடைவெளிக்குக் கொத்தி எடு. கம்பியைத் தேய்த்துச் சுத்தம் செய், விட்டம் ரொம்பக் குறைந்திருந்தால் புதுக் கம்பி சேர். அப்புறம் மைக்ரோ கான்கிரீட்டோ பாலிமர் மோர்ட்டாரோ போட்டுப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து நன்றாக ஆற விடு. அதற்குப் பிறகும் பலம் பற்றவில்லை என்றால்தான் எஃப்.ஆர்.பி. பல இடங்களில் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்ததும் ஷீட்டே தேவைப்படாமல் போயிருக்கிறது. கம்பி எங்கேயாவது வெளியே தெரிந்தால் கார்பன் அதை நேரடியாகத் தொடவும் கூடாது, கார்பனும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இரும்பு இன்னும் வேகமாக அரிக்கும். நடுவில் கிளாஸ் நார் ஒரு அடுக்கு கொடுத்துப் பிரிக்கலாம்.

பீம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரித் தொய்ந்திருந்தாலும் ஷீட் பதில் இல்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஷீட் விறைப்பைப் பெரிதாகக் கூட்டாது, தொய்வைத் தூக்காது. அங்கே ஜாக்கெட்டிங் அல்லது இரும்பு செக்ஷன்தான். அடி உயரம் குறையும், இடம் போகும், ஆனாலும் அதுதான் சரி.

திரும்பத் திருப்பூர் வேலைக்கு வருகிறேன். ஒட்டுவதற்கு முன்னால் மேல்தளத்தில் இருந்த எல்லாச் சாமானையும் இறக்கச் சொன்னேன், ஜாக்கி வைத்து பீமை லேசாக இறுக்கவும் செய்தோம். இது ஏன் என்று மேஸ்திரிகூடக் கேட்டார். ஒட்டும் நேரத்தில் பீம் சுமந்துகொண்டிருக்கும் பாரத்தில் ஷீட்டுக்குப் பங்கே கிடையாது, அதற்குப் பிறகு வரும் பாரத்தில்தான் அது கை கொடுக்கும். பாரத்தோடு ஒட்டினால் கம்பி ஏற்கெனவே பாதி களைத்திருக்கும். முதலாளிக்கு வேலை நின்றதில் சங்கடம்தான், இருந்தாலும் இறக்கிக் கொடுத்தார்.

பூச்சை முழுதாக எடுத்தோம். பூச்சு மேலேயே ஒட்டலாமா என்று கேட்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒருபோதும் கூடாது. பூச்சு எடுத்ததும் பீம் அடியில் நம் ஊர்ப் பழைய கட்டடங்களில் வழக்கமாகத் தெரிவதே தெரிந்தது, தேன்கூடு மாதிரி ஓட்டைகள், சென்ட்ரிங் பலகையின் மரத்துண்டு, ஓரிடத்தில் கவரே இல்லாத ரிங். அதையெல்லாம் சரிசெய்து, 0.3 மி.மீ.-க்கு மேல் அகலமான விரிசல்களில் எபாக்ஸி இன்ஜெக்ஷன் போட்டு, கப் வீல் கிரைண்டரால் மேலே படிந்திருக்கும் சிமென்ட் பால் படலம் போகிற வரை தேய்த்து ஜல்லி தெரியத் தெரிய வைத்தோம். ஓர மூலைகளைக் குறைந்தது 13 மி.மீ. ஆரத்துக்கு உருட்ட வேண்டும் என்பது விதி, நான் 20 கேட்பேன், கூர்மையான மூலையில் நார் ஒடிந்துவிடும். அடிப்பக்கம் எங்கேயாவது உள்வாங்கிக் குழிந்திருந்தால் புட்டி போட்டு நேராக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் குழிவில் ஒட்டிய ஷீட் இழுவை வந்ததும் நேராகப் பார்க்கும், அப்போது கான்கிரீட்டைச் செங்குத்தாகக் கீழே பிடுங்கும்.

மொத்த வேலை நேரத்தில் பெரும்பகுதி இந்தத் தயாரிப்புக்கே போகும். ஷீட் ஒட்டுவது அதில் சின்னப் பங்கு. கொட்டேஷனில் சதுர மீட்டருக்கு ஷீட் விலை மட்டும் போட்டு, தயாரிப்புக்கு ஒரு வரிகூட இல்லை என்றால், அந்த வேலை எப்படி நடக்கும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

திருப்பூரில் வேறெங்கும் பார்க்காத ஒரு தொல்லை, பஞ்சுத் தூசி. தரைத்தளத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, பிரைமர் அடித்து ஈரமாக இருக்கும்போதே மெல்லிய பஞ்சு வந்து உட்கார்ந்துவிடும், அதன்மேல் சாச்சுரன்ட் (ஷீட்டை நனைத்து ஒட்டும் எபாக்ஸி) போட்டால் நடுவில் ஒரு பலவீனமான படலம் ஆகிவிடும். வேலை செய்யும் பீமைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட்டால் அறை மாதிரிக் கட்டி, வாக்குவம் போட்டு, கடைசியாகத் துணியில் சால்வென்ட் தொட்டுத் துடைத்த பிறகே பிரைமரைத் திறக்க விட்டேன். கடலோர ஊர்களில் தூசிக்குப் பதிலாக ஈரம் பிரச்சினை. பனி படியும் வெப்பநிலையைவிடக் கான்கிரீட் குறைந்தது 3 டிகிரி கூட இருக்க வேண்டும், மழைக்காலக் காலையில் அதைப் பார்க்காமல் ஒட்டவே கூடாது.

எபாக்ஸியைத் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும், கண் அளவு ஆகாது. வெயில் காலத்தில் டப்பாவில் எழுதியிருக்கும் நேரத்தை நம்பக் கூடாது, வெப்பம் 10 டிகிரி ஏறினால் அந்த நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும், பெரிய பக்கெட்டில் மொத்தமாகக் கலந்தால் தானாகவே சூடேறி இன்னும் சீக்கிரம் இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, விடிகாலையில் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடிப்பதுதான் வழி. ஒட்டும்போது ரோலரை நாரின் திசையிலேயே ஓட்ட வேண்டும், குறுக்கே ஓட்டினால் நார் கலைந்துவிடும். இந்த ஷீட்டில் நார் ஒரே திசையில்தான் ஓடுகிறது, அந்தத் திசையில் மட்டும்தான் பலம். திசை 5 டிகிரிக்கு மேல் விலகினாலே டிசைன் செய்த இன்ஜினியரிடம் சொல்லி, அவர் ஒப்புக்கொண்டால்தான் விடலாம். ஷீட்டை வெட்டும் மேசையில் பீம் நீளவாக்கை அம்புக்குறியாக வரைந்து வைத்துவிட்டால் குழப்பமே வராது.

கடைசிக் கோட் ஈரமாக இருக்கும்போதே உலர்ந்த குவார்ட்ஸ் மணலைத் தூவி விடுங்கள். அது இல்லாமல் இறுகிய எபாக்ஸி கண்ணாடி மாதிரி இருக்கும், அப்புறம் மேலே பூச்சோ தீத்தடுப்புப் பூச்சோ எதுவும் பிடிக்காது. வெயில் படும் இடமென்றால் புற ஊதாக் கதிர் தாங்குகிற மேல்கோட் கட்டாயம்.

ஆட்களின் கையைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதிவிடுகிறேன். எபாக்ஸியை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒருவருக்கு ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் வாழ்நாளுக்கும் எபாக்ஸி பக்கமே அவர் போக முடியாது, பிழைப்பே போய்விடும். கையுறை இல்லாமல் ரோலரைத் தொட விடாதீர்கள். சாயங்காலம் தின்னரில் கை கழுவுவதை நிறுத்தச் சொல்லுங்கள், அது எபாக்ஸியைத் தோலுக்குள்ளேயே கொண்டுபோகும், சோப்பும் தண்ணீரும் போதும். இறுகிய கார்பனை கிரைண்டரில் அறுக்கும்போது நல்ல மாஸ்க் வேண்டும், தலையில் கட்டுகிற துண்டு போதாது.

இறுகிய பிறகு சோதனை. முதலில் காசோ சின்னச் சுத்தியலோ வைத்து முழு நீளமும் தட்டிப் பார்க்க வேண்டும். 1300 சதுர மி.மீ.-க்குள்ளான சின்ன வெற்றிடங்களை, எண்ணிக்கையும் மொத்தப் பரப்பும் வரம்புக்குள் இருந்தால் அப்படியே விடலாம். அதற்கு மேல் 16,000 வரை ரெசின் ஏற்றியோ ஒட்டுப் போட்டோ சரிசெய்யலாம், அதையும் தாண்டினால் வெட்டி எடுத்துப் புதிதாக ஒட்ட வேண்டும். அடுத்து புல்-ஆஃப் டெஸ்ட், 50 மி.மீ. வட்டத் தகட்டை ஒட்டி, சுற்றிலும் அறுத்து நேராக இழுப்பது. குறைந்தது 1.4 மெகா பாஸ்கல் வர வேண்டும், அந்தத் தகட்டில் அது ஏறக்குறைய 280 கிலோ இழுப்பு. எண் வந்தால் மட்டும் போதாது, தகட்டோடு என்ன பெயர்ந்து வந்தது என்று பாருங்கள். கான்கிரீட் துண்டு ஒட்டிக்கொண்டு வந்தால் ஒட்டு சரி. எபாக்ஸி பளபளப்பாகத் தனியாக வந்தால் மேற்பரப்புத் தயாரிப்பு சரியில்லை என்று அர்த்தம், எண் நன்றாக இருந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தச் சோதனையை ஒட்டுவதற்கு முன்னால் வெறும் கான்கிரீட்டிலேயே ஒருமுறை செய்துவிடுவது இன்னும் புத்திசாலித்தனம், கான்கிரீட்டே 1.4 தரவில்லை என்றால் ஷீட் வாங்குகிற செலவு மிச்சம்.

அந்தக் கட்டடத்தில் வெர்மிகுலைட் தீத்தடுப்புப் பூச்சும் போட்டு முடித்தோம். முடித்ததும் முதலாளியிடம் ஒரு போட்டோ ஆல்பமும், எந்த பீமில் எங்கே ஷீட் இருக்கிறது என்கிற டிராயிங்கும் கொடுத்தேன். "எலக்ட்ரீசியன் வந்தா மொதல்ல இதக் காட்டுங்க" என்று சொல்லியும் விட்டேன். பூச்சுக்குள் மறைந்த ஷீட் யாருக்கும் தெரியாது, ஃபேன் கொக்கிக்கோ லைட் பட்டிக்கோ ஒரு டிரில் போட்டால் அந்த இடத்தில் நார் அறுந்துவிடும். கார்பன் மின்சாரத்தையும் கடத்தும், அதனால் ஒயர் விஷயத்தில் இரட்டை எச்சரிக்கை வேண்டும். பீம் பக்கவாட்டிலேயே "இங்கே துளை போடக் கூடாது" என்று பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம், சதுர மீட்டருக்கு எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதையும் படிக்கட்டு ஏறும் இடத்தில் எழுதச் சொன்னேன், கட்டடம் கை மாறினாலும் அடுத்தவர் மேலே ரோல் அடுக்கிவிடக் கூடாது என்பதற்காக. வருடத்துக்கு ஒருமுறை முனைகளில் பூச்சைத் தட்டிப் பாருங்கள், வெற்றுச் சத்தமோ புது விரிசலோ ஈரக் கறையோ தெரிந்தால் மேலே பாரத்தை இறக்கிவிட்டு, செய்தவர்களைக் கூப்பிடுங்கள்.